ரிசீவர் பெட்டிக்கு ஒரு நல்ல வார்த்தை

ஹோம் தியேட்டர் என்பது, வாங்கிய அன்று வீட்டிலுள்ள எல்லோரும் சுற்றி உட்கார்ந்து 'இன்னும் கொஞ்சம் கூட்டு' என்று சொல்வதும், மறுநாள் காலையிலிருந்து 'அதைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா' என்று சொல்வதுமான ஒரு சாமான். இன்வெர்ட்டரோ, தண்ணீர் பில்டரோ, வாஷிங் மெஷினோ, அடுத்தவர் வீட்டுக்குள் போய் எதையாவது பொருத்திவிட்டுத் திரும்புகிற என் இனத்தார் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். பொருத்துவது பாதி வேலைதான். அதற்குப் பிறகு வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்பது மீதி வேலை.

கருங்கல்லில் என் கடை. நான் விற்பது ரிசீவர் என்ற கறுப்புப் பெட்டி. டிவிக்கும் ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, சினிமாவின் சத்தத்தை வாங்கி, வசனத்தை நடு ஸ்பீக்கருக்கும், பாட்டை இரண்டு பக்கத்துக்கும், ஹெலிகாப்டரை முதுகுக்குப் பின்னாலும் பிரித்து அனுப்பும். விலை நடுத்தரம். கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் வாங்குவார், பைக் வைத்திருப்பவர் யோசித்து யோசித்துக் கடைசியில் வாங்கிவிடுவார். பெட்டியோடு எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மைக் வரும். வீட்டுக்காரர் வழக்கமாக உட்காருகிற இடத்தில், அவர் காது உயரத்தில், அதை ஒரு முக்காலியில் நிறுத்தி பட்டனை அழுத்த வேண்டும். பெட்டி ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் டூப், டூப் என்று சத்தம் விட்டு, அந்த இடத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாங்கள் இதை அளவெடுப்பு என்போம். அளவெடுத்த இடத்தில் உட்கார்ந்தால் சொர்க்கம். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் ஏதோ பரவாயில்லை.

இந்தப் பெட்டிக்கு எங்கள் பகுதி ஏஜென்சி என்னுடையது. போன வருஷம் விற்பனை கொஞ்சம் மந்தம். சென்னையிலிருந்து கம்பெனியின் ஏரியா மேனேஜர் போன் செய்தார். மாத முடிவுக்குள் ஐந்து வாடிக்கையாளர்களின் கருத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். சிரித்த முகம் வேண்டும். 'தியேட்டர்ல இருக்கிற மாதிரியே இருக்கு' என்ற வாக்கியம் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஏஜென்சி நாகர்கோவிலில் உள்ள ஒரு பெரிய ஷோரூமுக்குப் போய்விடும். ஏஜென்சி போனால் கடை போகும். கடை போனால் நான் மறுபடி சவூதியில் தம்மாமுக்கு ஏ.சி. மெக்கானிக்காகத்தான் விமானம் ஏற வேண்டும். கல்யாணமான பிறகும் பல வருஷம் அங்கே தனியாகத்தான் இருந்தேன், பழைய முதலாளி இப்போதும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என் மனைவி லிஸி அதைப் பார்த்தாள். அதன் பக்கத்திலேயே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

பேச்சு அடுக்களைக்கு

முதலில் சுசீந்திரத்துக்குப் போனேன். தாணு அண்ணனுக்கு அங்கே வயல். பேசத் தெரிந்த மனிதர், முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. இவரை விட்டால் வீடியோவுக்கு வேறு ஆள் ஏது என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே நுழைந்தால் ஹாலில் நான் பொருத்திய ஐந்து ஸ்பீக்கரில் ஒன்றுதான் இருந்தது. மீதியைத் தேடிக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். ஒன்று சாமி அறையில், ஒன்று படுக்கையறையில், ஒன்று மாடியில், நடு ஸ்பீக்கர் அடுக்களையில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில். வீட்டில் அறை ஐந்து, ஸ்பீக்கரும் ஐந்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது என்று எலக்ட்ரீஷியனை வைத்து வயரை இழுத்துப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

நடு ஸ்பீக்கரில் வசனம் மட்டும்தான் வரும் என்பதை நான் விளக்கினேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. சீரியலில் யார் யாரைத் திட்டினாலும் அடுக்களையில் அவர் மனைவிக்குத் தெளிவாகக் கேட்கிறது. படுக்கையறையில் இவருக்கு வயலினும் தபலாவும் மட்டும் வருகிறது. திட்டு ஒரு சொல்கூட வராது. சீரியலை இப்படிக் கேட்டால்தான் நல்ல தூக்கம் வருகிறதாம். எல்லாவற்றையும் பழையபடி ஹாலில் மாட்டித் தருகிறேன், காசு வேண்டாம், தியேட்டர் மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் என்று போனை நீட்டினேன். அவர் காமிராவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "பேச்சு பூரா அவளுக்கு, பின்னணி இசை எனக்கு. வீட்டுல நடக்கதும் அதான வேய், இதுல பெட்டியக் குத்தஞ் சொல்லதுக்கு என்ன இருக்கு?"

சரியாகப் பெய்த மழை

அடுத்தது கீரிப்பாறை. தங்கராஜ் அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகள், முதல் லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி அது. அளவெடுக்க நான் போன அன்று தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்டது. 'சத்தம் அதிகம், அமைதியான நேரத்தில் முயற்சி செய்யவும்' என்று பெட்டி திரும்பத் திரும்பச் சொல்ல, மழை விடும்வரை அவர்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டேன். அந்த வகையில் எனக்கு நல்ல ஞாபகமுள்ள வீடு.

ரப்பர் மரத்தில் பால்வெட்டு விடியும் முன்பே தொடங்கிவிடும். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, திரும்பிப் படுத்துவிடலாம். மகளுக்கோ ஹாஸ்டலில் மழைச் சத்தம் போட்டுக்கொண்டு தூங்கிப் பழக்கம். யூட்யூபில் விடிய விடிய மழை மட்டும் பெய்கிற வீடியோக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை இந்தப் பெட்டியில் போட்டுவிட்டு அவள் தூங்கிப்போனாள். பின் ஸ்பீக்கர் இரண்டும் ஜன்னல் பக்கம். விடியலில் கண்விழித்த தங்கராஜ் அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நல்ல மழை என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். வெயில் முகத்தில் அடித்தபோதுதான் எழுந்தார். தோட்டமெல்லாம் காய்ந்து கிடக்கிறது, ஜன்னலில் மழை இன்னும் கொட்டுகிறது. அன்றைய கூலி போயிற்று.

இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு ரிசீவருக்குக் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது. ஆசையோடு வீடியோவை ஓடவிட்டேன். அவர் ரொம்ப நேரம் யோசித்து, கம்பெனிக்கு ஒரு நல்லது சொல்கிற மனிதரின் அக்கறையோடு சொன்னார்: "மழைய இவ்வளவு சரியாட்டு பெய்ய வைக்கப்பிடாது சாரே. கொஞ்சம் தப்பாட்டு பெய்யணும், அப்பதான் ஒரு மனுசனுக்கு அடையாளம் தெரியும்."

கண்ணை மூடிக் கேட்டவர்கள்

கருங்கல்லிலேயே, என் கடையிலிருந்து கூப்பிடும் தூரத்தில் ஜேக்கப் சார் வீடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சபையில் கமிட்டி உறுப்பினர். அங்கே நான் அளவெடுத்த சம்பவத்தை இந்தத் தொழிலில் இருக்கும்வரை மறக்க மாட்டேன். மைக்கை வைத்துவிட்டு, 'இனி யாரும் பேசாதீங்க, அசையாதீங்க' என்றேன். குடும்பம் முழுவதும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டது. சாரின் மனைவி சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பெட்டி ஒவ்வொரு மூலையிலிருந்தும் டூப், டூப் என்றது. எல்லாம் முடிந்து 'அளவு முடிந்தது' என்று டிவியில் எழுத்து வந்ததும், சார் கண்ணைத் திறக்காமலே ஆமென் என்றார், மற்றவர்களும் சொன்னார்கள். எனக்கும் வாயில் வந்துவிட்டது.

இப்போது வீடியோவுக்குப் போனால், பெட்டியைப் பற்றிச் சாருக்கு ஒரு குறையும் இல்லை. மாலை ஜெபத்துக்குப் பாட்டும் பிரசங்கமும் அதில்தான். கம்பெனி கேட்கும் வாக்கியத்தைச் சொன்னதும் முகம் மாறியது. பிறந்ததிலிருந்து ஒரு தியேட்டர் படியும் மிதித்ததில்லை, மிதித்தவர்களைப் பற்றி நல்ல அபிப்பிராயமும் இல்லை. பார்க்காத இடத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? ஏஜென்சி போய்விடும் சார், நான் மறுபடியும் கடல் தாண்ட வேண்டியதுதான் என்று என் கஷ்டத்தையும் சொல்லிப் பார்த்தேன். பழைய மாணவன்மேல் இரக்கம் வந்து அவரால் முடிந்த அளவு இறங்கி வந்தார்: "ஆராதனைல இருக்கிய மாதிரி இருக்குன்னு வேணும்னா சொல்லியேன். அதுவும் கடைசி பெஞ்சுல."

தொழிலுக்குப் போன பெட்டி

கடற்கரையில் எனக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர்தான். விசைப்படகு வைத்திருப்பவர், தொழிலுக்கு என்று கடலில் இறங்கினால் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பார். அவர் கரையில் இருக்கும் சமயம் பார்த்துப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆள் இல்லாவிட்டாலும் வீட்டுக்காரி ஆக்னஸ் அக்கா நன்றாகப் பேசுவார், அது போதும் என்று கிளம்பினேன்.

அக்கா இருந்தார், பெட்டிதான் இல்லை. டிவிக்குக் கீழே அது இருந்த இடத்தில் மாதா சுரூபமும் பிளாஸ்டிக் பூவும். ரிப்பேருக்கு வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டார்களோ என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். கேட்டேன். அக்கா மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வெகு இயல்பாகச் சொன்னார்: "பெட்டி அவரு கூட தொழிலுக்குப் போயிருக்கு மக்கா. கரைக்கு வந்தா சொல்லியனுப்புதேன், வந்து கேட்டுக்கோ."

சென்னையிலிருந்து

எடுத்தவற்றை அப்படியே அனுப்பிவைத்தேன். பொய் சேர்க்கவும் தெரியவில்லை, சேர்த்தால் தாணு அண்ணனின் அடுக்களையை எங்கே ஒளிப்பது என்றும் தெரியவில்லை. மாதம் முடியப்போகிறது. மேனேஜர் போன் செய்தார். நல்ல மனிதர்தான், அவருக்கு மேலேயும் ஒருவர் இருப்பார். ஐந்து வேண்டாம் சார், ஒன்றே ஒன்று போதும், ஆனால் அந்த வாக்கியம் இருக்க வேண்டும் என்றார். கடைசியில் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டார்: "சார், தப்பா நினைக்காதீங்க, உங்க ஊர்ல நார்மலா படம் பாக்கிறவங்க யாராவது ஒருத்தர் இல்லையா?"

ஆளில்லாத நாற்காலி

இருந்தார்கள். ராபின்சன் என்று ஒரு வாடிக்கையாளர், மஸ்கட்டில் வேலை. போன லீவில் புது வீடு பால் காய்ச்சிய கையோடு பெட்டியை வாங்கினார். ஹாலின் நடுவில், டிவிக்கு நேர் எதிரே, சாய்ந்தால் கால் தூக்கிக்கொள்ளும் நாற்காலி. அதில் தானே உட்கார்ந்து காட்டி, தன் காது எந்த உயரத்தில் வருகிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு, அந்த உயரத்தில் மைக்கை வைக்கச் சொன்னவர். அவ்வளவு ரசனை. லீவு முடிந்து போய்விட்டார் என்றாலும், அவர் மனைவி ஷீபா தினமும் ஒரு படம் பார்ப்பாள் என்று கேள்வி. அவள்தான் என் கடைசி நம்பிக்கை.

வீட்டுக்குப் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. நடு நாற்காலியில் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. ஷீபா ஹாலின் ஓரத்தில், ஜன்னலை ஒட்டி, ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தால் வாசல் கேட்டும் தெரியும், அடுக்களை விசிலும் கேட்கும், போன் சார்ஜ் போடும் இடமும் கைக்கெட்டும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் கூட்டிப் பேசவும் இல்லை, குறைத்துப் பேசவும் இல்லை. "நல்ல பெட்டிதான் அண்ணா. ஆனா எனக்கு ஒண்ணும் விளங்கேல்ல. பேசியது தூரத்துல கேக்குது, பின்னால உள்ள ஸ்பீக்கரு காதுல வந்து கத்துது. அந்த மைக்கை ஒருக்கா இஞ்ச வச்சு அளவெடுத்துத் தருவியளா?"

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. பெட்டி வாங்கியவர் ராபின்சன், பென்சில் கோடு அவருடையது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று வீடியோ கால் போட்டேன். மஸ்கட்டில் மதியச் சாப்பாட்டு நேரம், தட்டோடு வந்தார். விஷயம் கேட்டதும் பதறிவிட்டார். "அய்யோ அதத் தொடாதீங்க. அது எனக்க சீட்டுக்கு செட் பண்ணினதாக்கும்." ஷீபா என் கையிலிருந்து போனை வாங்கினாள். குரலில் கோபம் கிடையாது. "நீங்க வருசத்துல ஒரு மாசம் இருப்பிய. நான் பதினோரு மாசம் இருக்கேன்." ராபின்சன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "செரி, அவளுக்க எடத்துல வையுங்க" என்றார். பிறகு என்னிடம் மட்டும் சொல்வதுபோல், "நான் வந்தா திரும்ப மாத்தலாம்லா?" என்று கேட்டார். மாற்றலாம், அரை மணி நேர வேலை என்றேன்.

மின்விசிறியை நிறுத்தினோம். ஜன்னலை அடைத்தோம். சோபாவில் அவள் உட்காருகிற இடத்தில் முக்காலியை நிறுத்தினேன். அவள் காது உயரத்துக்குச் சுவரில் கோடு ஒன்றும் போடவில்லை, சோபாவின் முதுகில் தலை சாய்ந்து சாய்ந்து தேய்ந்த ஒரு இடம் இருந்தது, அதுவே போதுமாக இருந்தது. டூப், டூப் என்று பெட்டி அவளுக்காக ஹாலைச் சுற்றி வந்தது. முடிந்ததும் அவள் உட்கார்ந்து, பாதியில் நின்ற படத்தைத் திரும்ப ஓடவிட்டாள். வசனம் நேர் எதிரேயிருந்து வந்தது. படத்தில் பெய்த மழை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பைப் பார்த்து, நான் அவசரமாகப் போனை நீட்டினேன். வாக்கியத்தைச் சொல்லிக்கொடுக்க வாய் திறப்பதற்குள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவளாகச் சொன்னாள்: "தியேட்டர்ல இருக்கிய மாதிரியேதான் இருக்கு அண்ணா. பக்கத்து சீட்டு மட்டும் காலி."

ஆக, சகதொழிலாளிகளே, சென்னைக்காரர்கள் முதல் வரியை மட்டும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டு எனக்கு ஏஜென்சியைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், அவர்கள் வெட்டிப்போட்ட இரண்டாவது வரியை என் போனில் கேட்ட லிஸி மேஜைமேல் இருந்த பாஸ்போர்ட்டை எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள், இதுவரை நானும் தேடவில்லை.